போனக்காட்டுக்கு ஒரு பயணத் திட்டம்

பிரான்சு தேசத்துப் போர்தோவில் திராட்சைத் தோட்டங்களையும் மதுக் கிடங்குகளையும் காண்பதற்கென்றே மக்கள் பயணம் போகின்றனர். மது நமக்கு எதற்கு? தேயிலை போதுமென்று நானும் ஒரு திட்டம் தீட்டினேன். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காடு. ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அகத்தியர்கூடம் ஏறுவோர் புறப்படும் இடமும் அதுவே.

என் அன்னையார் மணமாகும்வரை அங்கே கொழுந்து கிள்ளியவர். இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திய ஆலையைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விழைகிறார். அவ்வாலை ஓய்ந்து ஆண்டுகள் பல ஆயின. அதை நான் இன்னும் சொல்லவில்லை. ஒரு நாள் தற்செயல் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

“மலை ஏறத் தொடங்கியதுமே வாடும் இலையின் மணம் வரும், பாரடா” என்கிறார். பேருந்தில் சன்னலோர இருக்கை பாட்டிக்கே என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள்.