ஃப்ரீசரில் ஒரு 13 மார்க்!

புரதம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முட்டை, சுண்டல், ஜிம்முக்குப் போற பசங்க குலுக்கிக் குலுக்கிக் குடிக்கிற பவுடர்... எனக்கு மட்டும் 412-னு ஒரு நம்பர் ஞாபகம் வரும்.

நான் பயோடெக்னாலஜி மூணாவது வருஷம். பயோகெமிஸ்ட்ரில புரதம் யூனிட்னா நம்மகிட்ட யாரும் வாலாட்ட முடியாது! அமினோ அமிலங்களை வரிசையா மணி மாதிரி கோத்தா முதல் நிலை. அந்தச் சரம் ஸ்பிரிங் மாதிரி சுருண்டாலோ, பாவாடைக் கொசுவம் மாதிரி மடிஞ்சாலோ ரெண்டாம் நிலை. மொத்தமும் உருண்டு திரண்டு ஒரு உருவத்துக்கு வந்தா மூணாம் நிலை. அப்படி உருண்டு வந்த நாலைஞ்சு பேர் கூட்டணி வெச்சா நாலாம் நிலை. சூட்டாலயோ அமிலத்தாலயோ அந்த உருவம் கெட்டுப்போனா அதுக்குப் பேர் 'டிநேச்சுரேஷன்'. இதை 13 மார்க் கேள்வியா கேட்டாங்க. படம் போட்டு, அவிச்ச முட்டையை உதாரணம் காட்டி, 12 மார்க் வாங்கினேன்.

அப்புறம் மே மாச லீவு வந்துச்சு.

எங்க ஊர் சாத்தூர் பக்கம். அப்பா அச்சகத்துல பைண்டிங் வேலை பார்க்கிறார். எட்டு வருஷமா சுகர். ரெண்டு வருஷமா இன்சுலின் ஊசி. சித்தி பிரசவத்துக்குத் துணையா அம்மா கோவில்பட்டி கிளம்ப, வீடு என் பொறுப்பு. 'நாளை மாதாந்திர பராமரிப்பு, காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை'னு பேப்பர்ல பார்த்ததும் என் மூளை பளிச்னு வேலை செஞ்சது. எட்டு மணி நேரம் கரன்ட் இல்லைன்னா இன்சுலின் சூடாயிடுமே! முந்தின ராத்திரியே குப்பியை எடுத்து ஃப்ரீசருக்குள்ள வெச்சேன். என்ன ஒரு புத்திசாலி!

காலையில கல்லா இருந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள உருகிடுச்சு. அப்பாவோடது பால் மாதிரி வெள்ளையா இருக்கிற இன்சுலின். உருட்டிக் கலந்துட்டுதான் ஊசியில ஏத்தணும். அன்னிக்குக் குப்பி ஓரத்துல பொடிப்பொடியா என்னமோ ஒட்டிட்டு இருந்துச்சு. நல்லா உருட்டினா சரியாயிடும்னு நானே நாலு உருட்டு கூட உருட்டிக் கொடுத்தேன்.

நாலு நாள். அப்பா ராத்திரி நாலஞ்சு தடவை பாத்ரூம் போனார். சொம்பு சொம்பா தண்ணி குடிச்சார். 'கண்ணு மங்குது பாப்பா, ஃபாரம் நம்பர் தெரிய மாட்டேங்குது'ன்னார். ஸ்கூட்டியில உட்கார வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சுகர் 412!

போன்ல அம்மா பொரிஞ்சு தள்ளிட்டாங்க. 'நான் இந்தப் பக்கம் வந்ததும் அந்தப் பக்கம் கருப்பட்டி மிட்டாய்க் கடையில போய் நின்னீங்களா?' அப்பா மறுத்துக்கூடப் பேசல. எப்பவோ ஒண்ணு தின்னிருப்பார்போல, பாவம்.

'இன்சுலினை எங்கே வெச்சிருக்கீங்க?' - டாக்டர் கேட்டார்.

'ஃப்ரிட்ஜ்ல சார்.' பொய் இல்லைதான். ஃப்ரீசரும் ஃப்ரிட்ஜ்லதானே இருக்கு!

டாக்டர் காலையிலயும் ராத்திரியும் டோஸை ஏத்தி எழுதினார். 'பழைய குப்பி முடியப் போகுது, புதுசு வாங்கிக்கோங்க'ன்னார். மெடிக்கல்ல காசு கொடுக்கும்போதுதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. கெட்டுப்போன மருந்தை வெச்சு 412 வந்திருக்கு. அதை நம்பி டோஸ் ஏறியிருக்கு. இன்னிக்கு ராத்திரி ஏத்தின டோஸ்ல நல்ல மருந்து உள்ளே போனா? சுகர் தடால்னு இறங்கும். தூக்கத்துலேயே இறங்கினா?

அங்கேயே சொல்லிட்டேன். அழுதுகிட்டே சொன்னேன். மெடிக்கல்காரர் வேற வேடிக்கை பார்த்தார். அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், 'அப்போ நான் மிட்டாய் திங்கலைன்னு உங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு'ன்னார்.

திரும்பவும் டாக்டர். அவர் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. 'எக்ஸ்ட்ரா டோஸை அடிச்சுட்டேன், பழைய அளவே போடுங்க. அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுடுங்க'ன்னு சொல்லிட்டு, 'என்னம்மா படிக்கிறே?'ன்னார். பதில் சொல்ற நிலைமையிலயா நான் இருந்தேன்?

காலேஜ் திறந்ததும் எங்க மேடத்துகிட்ட, 'டிநேச்சுரேஷன்தானே மேம் ஆச்சு?'ன்னு கேட்டேன். 'பாதிதான் சரி'ன்னாங்க. தண்ணி உறையும்போது தனியா ஐஸா ஒதுங்கிடும். மிச்சம் இருக்கிற கொஞ்ச இடத்துல புரதமும் உப்பும் நெருக்கியடிச்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும். நான் பார்த்த பொடி அதுதான். அமினோ அமிலச் சரம் எங்கேயும் அறுந்திருக்காது. ஆனா, ஊசியில ஏறுறது எவ்வளவு மருந்து, எவ்வளவு தண்ணின்னு யாருக்கும் தெரியாது. உருகினாலும் பழைய நிலைக்கு வராது.

அந்தக் குப்பிக்குள்ள என்ன இருக்குன்னு அப்புறம்தான் ஒழுங்காப் படிச்சேன். இன்சுலின்ல மொத்தமே 51 அமினோ அமிலம். 21-ல ஒரு சங்கிலி, 30-ல ஒண்ணு, மூணு கந்தகப் பாலம். இந்த வரிசையை முழுசாக் கண்டுபிடிச்ச ஃபிரெடெரிக் சாங்கருக்கு 1958-ல நோபல். உருவத்தைக் கண்டுபிடிச்சவங்க டோரதி ஹாட்ஜ்கின். 1935-ல முதல் எக்ஸ்ரே படம் எடுத்தாங்க, 1969-லதான் விடை கிடைச்சது. நடுவுல 1964-ல வேற வேலைக்காக நோபலே வாங்கிட்டாங்க! குப்பிக்குள்ள ஆறு ஆறு இன்சுலினா துத்தநாகத்தைச் சுத்திக் கூட்டணி வெச்சிருக்கும். உடம்புக்குள்ள போய் ஒண்ணொண்ணாப் பிரிஞ்சாத்தான் வேலை செய்யும். அந்த வெள்ளை நிறம்? புரத வகைகள் அட்டவணையில 'புரோட்டமின் - மீன் விந்திலிருந்து'ன்னு படிச்சுட்டு கிளாஸே சிரிச்சோமே, அந்த புரோட்டமின் இன்சுலினைப் பிடிச்சு வெச்சுக்கிறதாலதான். மெதுவா விடும். அப்பாவுக்கு நாள் பூரா தாங்கும்.

இதையெல்லாம் போன்ல சொன்னப்போ அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'இவ்ளோ கண்டுபிடிச்சவங்க, இதை மாத்திரையா கொடுத்தா என்னவாம்?'

'வயித்துக்கு இன்சுலினும் ஒண்ணுதான், முட்டையும் ஒண்ணுதான்ப்பா. துண்டு துண்டா வெட்டிச் செரிச்சுடும்.'

'அதான் ஊசியா... இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?' ரெண்டு வருஷமா குத்திக்கிறார். யாரும் சொல்லல. நானும்தான்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ, அப்பா மருந்து அட்டைப் பெட்டியை விரிச்சு வெச்சுட்டு உட்கார்ந்திருந்தார். 'உறைய விடக்கூடாதுன்னு போட்டிருக்கான் பாப்பா. ஆனா, எழுத்தைப் பாரு, எறும்பு மாதிரி. நாங்களா இருந்தா இந்த சைஸை ஓகே பண்ணவே மாட்டோம்'னு தொழில்காரரா குறை சொன்னார்.

ஃப்ரீசர் கதவைத் திறக்கப் போனேன். அச்சகத்துல இருந்து கொண்டுவந்த ஸ்டிக்கர் ஒண்ணு, சிவப்புல, கொட்டை எழுத்துல ஒட்டியிருந்தது: 'ஐஸ் மட்டும்!'