பாயிண்ட்டு எவ்வளவு?

ஹாஸ்டல் மெஸ் பாயாசத்தில் அடியில் தங்கும் ஜவ்வரிசியை நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. ஓமலூர்க்காரன் என்பதால் நான் கவனிப்பேன். எங்க பக்கம் மரவள்ளிக்குக் குச்சிக்கிழங்குன்னு பேரு. ஜவ்வரிசி மில்லுக்கு சேகோ பேக்டரி. ஆனா சேகோ என்பது கிழங்கே இல்லை. மலேயா, நியூகினி பக்கத்துச் சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைப் பனையின் தண்டு மாவு. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றபோது சேலத்தில் கிழங்கு மாவை உருட்ட ஆரம்பிச்சாங்க. பேரு மட்டும் மரத்தோடது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்தாச்சு.

எங்க பெரியப்பா குச்சி நடுகிறவர். ஏறக்குறைய பத்து மாசப் பயிர். பிடுங்கி ரெண்டு மூணு நாளில் கிழங்கு உள்ளே கறுத்துக் கெட ஆரம்பிச்சிடும். பேக்டரி வாசலில் மாதிரிக் கிழங்கைத் தண்ணிக்குள் தொங்கவிட்டு எடை பார்ப்பாங்க. நம்ம ஆர்க்கிமிடீஸ்தான்: மாவு கூடினால் அடர்த்தி கூடும். அதை வைத்துப் 'பாயிண்ட்டு', பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை. இயற்பியலில் குறை சொல்ல முடியாது. தராசு யார் வாசலில் தொங்குது என்பதுதான் விஷயம். போன வருஷம் 28 வரும்னு போனவருக்கு 25 சொன்னாங்க. "திருப்பி ஏத்திட்டு எங்கடா போறது?" என்றார்.

பேக்டரிக்காரங்களும் ஒரு காலத்தில் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டினவங்கதான். 1981-ல் கூட்டுறவுச் சங்கம் அமைச்சாங்க: சேகோசர்வ். சேலம் பஸ்ஸில் போகும்போது ஜாகீர் அம்மாபாளையத்தில் பார்த்திருப்பீங்க. மூட்டை அவங்க குடோனில் இறங்கும், லேபில் தரம் பார்ப்பாங்க, டெண்டரில் விலை போகும். விலை பிடிக்கலைன்னா காத்திருக்கலாம், ஏன்னா ஜவ்வரிசி மாசக்கணக்கில் கெடாது. நல்ல ஏற்பாடு. ஆனா அதில் உறுப்பினர்கள் ஆலைக்காரங்க. கிழங்கு போடுறவங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் முத்தரப்புக் கூட்டம்தான்.

அசல் சேகோ எப்படிக் கைமாறியது தெரியுமா? இன்றைய போர்ட் மோர்ஸ்பி கரையில் மோட்டு மக்கள் வாழ்றாங்க. வறண்ட கரை. அந்தக் காலத்தில் பெண்கள் மண்பானை செய்வாங்க. ஆண்கள் 'லகாடோய்' என்ற பெரிய பாய்மரப் படகில் அதை ஏற்றிக்கொண்டு தென்கிழக்குக் காற்றில் பப்புவா வளைகுடாவுக்குப் போவாங்க. அங்கே சேகோ நிறைய, பானை கிடையாது. ஒவ்வொருத்தருக்கும் அங்கே ஒரு கூட்டாளி உண்டு. பண்டமாற்று முடிஞ்சாலும் காற்று திரும்பும்வரை அங்கேயே தங்கணும். 'ஹிரி' என்று பேர் இந்தப் பயணத்துக்கு.

அவங்க எல்லாரும் புனிதர்கள்னு நான் சொல்ல வரலை. ஆனா பாருங்க, பானையும் அழுகாது, பக்குவப்படுத்தின சேகோவும் சட்டுனு கெடாது. ஒருத்தர் மட்டும் அவசரப்பட வேண்டியதில்லை. ஏமாத்தினால் மறுநாள் காலையிலும் அதே முகத்தில் முழிக்கணும். நம்ம எகனாமிக்ஸ் பேப்பரில் சப்ளைக் கோடும் டிமாண்ட் கோடும் வெட்டுற இடம்தான் விலை. பொருள் எத்தனை நாளில் அழுகும் என்பதற்கு அந்தப் படத்தில் அச்சே இல்லை.

பைனல் இயர் புராஜெக்ட்டுக்கு நானும் ரூம்மேட்டும் ஒரு தொங்கு தராசும் ஒரு டிரம் தண்ணியும் வைத்து வேலை பார்த்துட்டு இருக்கோம். செலவு கம்மி. அறுவடைக்கு முன்னாடியே நாலு செடியைப் பிடுங்கிப் பாயிண்ட்டு பார்த்துட்டு, நாலு பேக்டரிக்குப் போன் போடலாம். மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்குக்கு அவ்வளவு அவசரம் இல்லையே. பெரியப்பாவிடம் காட்டினேன். "உன் மெஷின் சொன்னா அவங்க ஒத்துக்குவாங்களாடா?" என்றார். அந்தக் கேள்விக்கு கைடுகிட்டயும் பதில் இல்லை.