காலி வேறு, தெரியாதது வேறு

பெங்களூரில் ஓர் அலுவலகத்தின் மாடி அறை. விடுமுறை நாட்களில் கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அதை வாடகையில்லாமல் திறந்துவிடுகிறார்கள். நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் மடிக்கணினிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பைத்தானிலிருந்து போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தைக் கேள்வி கேட்க உதவும் சிறிய லைப்ரரி ஒன்றை இவர்கள் பராமரிக்கிறார்கள். யாருக்கும் இதற்குச் சம்பளம் கிடையாது. அன்று அதில் ‘ரேஞ்ச்’ என்ற தரவு வகையைச் சேர்க்கும் வேலை நடந்தது. அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

தொடக்கமும் முடிவும் சேர்ந்த ஒற்றை மதிப்புதான் ரேஞ்ச். 2012இல் வெளிவந்த போஸ்ட்கிரஸ் 9.2 பதிப்பில் இது வந்தது. கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு செய்யும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் தனித்தனியே வைத்தால், இரண்டு பதிவுகள் மோதுகின்றனவா என்று நிரலர்தான் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ரேஞ்சாக வைத்து அதன்மேல் ஒரு கட்டுப்பாட்டையும் போட்டுவிட்டால், மோதும் பதிவைத் தரவுத்தளமே ஏற்க மறுத்துவிடும்.

தரவுத்தளத்துக்குத் தெரிந்தது நடுவில் இருக்கும் லைப்ரரிக்கும் தெரிய வேண்டும். போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. சாதாரண முழு எண்ணுக்கு 23, தேதி ரேஞ்சுக்கு 3912. பதிலோடு அந்த எண்ணும் வரும். அதைப் பார்த்து, வந்ததைப் பைத்தான் பொருளாக மாற்ற ஒரு துண்டு நிரல். போகிறதைத் தரவுத்தளத்துக்குப் புரியும் வடிவில் மாற்ற இன்னொரு துண்டு. இவற்றை எழுத அதிக நேரம் ஆகவில்லை. ஓசூரிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவர் மதியத்துக்குள்ளேயே முடித்துவிட்டார்.

“அக்கா, டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிடுச்சு.”

லைப்ரரிக்குப் பொறுப்பான கோவைக்காரப் பெண் திரையைப் பார்த்தார். “காலி ரேஞ்ச் அனுப்பிப் பாத்தியா தம்பி?”

அனுப்பினார். காலி ரேஞ்ச் போன இடத்தில், மதிப்பு தெரியாது என்பதைக் குறிக்கும் ‘நல்’ (NULL) பதிவாகியிருந்தது. காரணத்தைத் தேடிப்போனால், லைப்ரரியில் பல காலமாக இருந்த ஒரு வரி: மதிப்பு இல்லையென்றால் நல் அனுப்பு. தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசும் பைத்தான் டிரைவர் தரும் ரேஞ்ச் பொருள் காலியாக இருந்தால், நிபந்தனையில் அது ‘இல்லை’ என்றே கொள்ளப்படும். அங்கேதான் வழுக்கியிருக்கிறது.

“ஒரு நாளும் இல்லைங்கறது வேற, எந்த நாள்னு தெரியலைங்கறது வேற, முடிவே வைக்கலைங்கறது வேற,” என்று கோவைக்காரப் பெண் விரல் மடக்கிச் சொன்னார். “மூணையும் குழப்பினா எரர் வராது சார். கணக்குதான் தப்பாப் போகும்.” கடைசி வாக்கியத்தை என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

அடுத்த சிக்கல் அடைப்புக்குறியில் வந்தது. ஜனவரி 1 முதல் 31 வரை, இரண்டு நாளும் சேர்த்தி என்று சதுர அடைப்புக்குறிகளோடு அனுப்பினார்கள். திரும்பி வந்தது [2024-01-01,2024-02-01). தேதி ரேஞ்சுகளை இப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது போஸ்ட்கிரஸின் வழக்கம்: தொடக்க நாள் சேரும், முடிவு நாள் சேராது. நேரத்தைக் குறிக்கும் ரேஞ்சுகளில் இந்த மாற்றம் நடக்காது. அங்கே ‘அடுத்த நாள்’ போல எண்ணக்கூடிய அடுத்த புள்ளி என்று எதுவும் கிடையாது. பழைய வடிவத்துக்கே மாற்றித் தரலாமா என்று நெடுநேரம் வாதாடினார்கள். அடங்கும் நாட்கள் மாறவில்லை, ஆகவே தரவுத்தளம் சொன்னதையே தருவோம், ஆவணத்தில் தெளிவாக எழுதுவோம் என்று முடிவானது. நிரல் எழுதியதைவிட அந்த ஒரு பத்தியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

பக்கத்துத் திரையில் எஸ்கியூஎல்அல்கெமியின் மூலநிரல் திறந்திருந்தது. மைக் பேயர் தொடங்கி 2006இல் முதலில் வெளியிட்ட அந்தப் பெரிய லைப்ரரியிலேயே, ரேஞ்ச் மதிப்பை எழுத டிரைவருடைய பொருளைத்தான் முன்பு நம்பியிருந்தார்கள். 2023 ஜனவரியில் வந்த 2.0 பதிப்புதான் எல்லா டிரைவருக்கும் பொதுவான, தனக்கே சொந்தமான ரேஞ்ச் பொருளைக் கொண்டுவந்தது. டிரைவரை மாற்றினால் பயனரின் நிரல் உடையக்கூடாது என்ற பாடத்தை இந்தச் சிறிய குழு அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது.

மாலையில் பார்த்தபோது, மாணவர் எழுதிய நிரலைவிட அதற்கான டெஸ்ட்டுகள் பல மடங்கு நீண்டிருந்தன. காலி, நல், தொடக்கமில்லாதது, முடிவில்லாதது என்று ஒவ்வொன்றும் போய்த் திரும்பியது. அதன்பிறகே அவர் செய்த மாற்றம் லைப்ரரியில் ஏற்கப்பட்டது.

மருத்துவமனை, ரயில், வங்கி என்று நாம் நம்பும் கணக்குகளுக்கு அடியில் இப்படிப்பட்ட லைப்ரரிகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பராமரிப்பவர்களுக்குப் பணமோ, தம் ஊழியர்களின் வேலை நேரத்தில் ஒரு பங்கோ தர வேண்டும். நிரல் எழுதும் வாசகர்கள் பிழையைக் கண்டால், எந்தப் பதிப்பு, என்ன அனுப்பினீர்கள், என்ன வந்தது என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பராமரிப்பவரின் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.