முதலில் எடை, அப்புறம்தான் டிரிம்

ரேடியோ விமானத்தில் வான்வித்தை பழக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை: டிரான்ஸ்மிட்டரைக் கொண்டு குறையை மூடாதீர்கள். டிரிம் பொத்தானைத் தட்டினால் விமானம் நேரே போகும். ஆனால் உள்ளே கோணல் அப்படியே இருக்கும்.

எங்கள் மைதானத்தில் ஒரு மாணவனின் விமானம் இடப்பக்கம் சற்றே சரிந்தது. அவன் எய்லரான் டிரிமை வலப்பக்கம் தள்ளினான். விமானம் மட்டமாகப் பறந்தது. தலைகீழாகத் திருப்பியதும் அதே இடது இறக்கை முன்னைவிட வேகமாகத் தாழ்ந்தது. காரணம், இடது இறக்கையில் பாரம் கூடுதல். பாரம் எப்போதும் பூமியை நோக்கியே இழுக்கும். டிரிம் தரும் விசையோ விமானத்தோடு சேர்ந்து புரளும். நிமிர்ந்திருக்கையில் ஒன்றையொன்று ஈடுகட்டிய இரண்டும், கவிழ்ந்ததும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன. மூக்கையும் வாலையும் தாங்கிப் பிடித்துப் பார்த்து, வலது இறக்கை நுனியில் சிறு ஈயத்துண்டை ஒட்டினோம். டிரிமை நடுவுக்குக் கொண்டுவந்தோம். பிறகு லூப்பில் எவ்வளவு இறுக்கி இழுத்தாலும் இறக்கை சாயவில்லை. ஒரு குறைக்கு இன்னொரு குறையை ஈடு வைப்பவனுக்கு, காலம் நிமிர்ந்திருக்கும் வரைதான் கணக்கு நேராகும்.

முன்பாரமும் பின்பாரமும் அப்படித்தான். 45 டிகிரியில் மேலேற்றி, கவிழ்த்து, ஸ்டிக்கை விட்டுப் பாருங்கள். மூக்கு சட்டென்று தரையை நோக்கினால் முன்பாரம். வானை நோக்கி எழுந்தால் பின்பாரம். பேட்டரியைக் கொஞ்சமாக நகர்த்தி, மறுபடி பறக்கவிட்டுப் பாருங்கள். எரிபொருள் என்ஜின் என்றால் டேங்க் காலியாக இருக்கும்போதே ஈர்ப்பு மையத்தைக் குறியுங்கள். மூக்கருகே டேங்க் இருந்தால், அது வற்ற வற்ற மையம் பின்னுக்குப் போகும்.

பாரம் சரியான பிறகுதான் மோட்டாரின் கோணம். செங்குத்தாக ஏறுகையில் விமானம் இடப்பக்கம் ஒதுங்குவது, புரொப்பெல்லரின் சுழல்காற்று வாலில் மோதுவதால். மோட்டார் தாங்கிக்கு அடியில் ஒரு வாஷர் வைத்து, மோட்டாரைச் சிறிது வலப்பக்கம் திருப்ப வேண்டும். எஃப்3ஏ என்னும் உலகப் போட்டிப் பிரிவில் 15 டிகிரி விலகலுக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். அதனால் அங்கே பறப்பவர்கள் காற்றில்லாத காலைகளுக்காகக் காத்திருந்து, ஒரு பறப்புக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்வார்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். இந்தப் பொறுமை சிலருக்குச் சலிப்பு. எனக்கு அதுதான் இந்தக் கலையின் பெரும்பகுதி.

ஒரு கட்டளையோடு இன்னொன்றை டிரான்ஸ்மிட்டரே சேர்த்துக் கொடுக்கும் மிக்ஸ் கடைசி வேலை. ரட்டர் கொடுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து பறக்கையில் மூக்கு வயிற்றுப்பக்கம் இழுத்தால், எலிவேட்டரில் சிறிதளவு மிக்ஸ் சேர்க்கலாம். பெரிய அளவில் மிக்ஸ் தேவைப்பட்டால் சேர்க்காதீர்கள். விமானத்தை இறக்கி, ஈர்ப்பு மையத்தை மறுபடி பாருங்கள்.