அயோடினுக்குக் கறுக்காத பச்சை

குளத்து நீரில் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு நுண்ணோக்கியில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது பச்சை. உடனே ‘தாவரம்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். என்னிடம் பயிலும் பிள்ளைகளிடம் நிறத்தைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். உடம்பைச் சுற்றிச் சுவர் உண்டா, உள்ளே எதைச் சேமித்து வைத்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

யூக்ளினாவும் கிளாமிடோமோனாசும் ஒரே சொட்டில் நீந்தக் கூடியவை. இரண்டும் பச்சை, இரண்டுக்கும் கசையிழையும் சிவப்புக் கண்புள்ளியும் உண்டு. கிளாமிடோமோனாஸ் சுவருக்குள் இருப்பதால் உருவம் மாறாமல் ஓடும். யூக்ளினாவுக்குச் சுவர் கிடையாது. சவ்வுக்கு அடியில் இருக்கும் புரதப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க, நடு உடம்பு உப்பும், அந்த உப்பல் நுனிவரை நகரும், மறுபடி நீளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. இதை ஆற அமரப் பார்த்த பிறகே அயோடினை எடுக்க வேண்டும், ஏனென்றால் அது பட்டதும் உயிர் அடங்கிவிடும்.

கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு துளி அயோடின் விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை ஒற்றினால் கரைசல் உள்ளே இழுபடும். கிளாமிடோமோனாசின் மாவுச்சத்து கருநீலமாகும். யூக்ளினாவின் சேமிப்பான பாராமைலம் மணிகள் நீலம் ஏறாமல் அப்படியே கிடக்கும்.

அப்படியானால் அந்தப் பச்சை ஏது? யூக்ளினாவின் மூதாதை ஒரு பச்சைப் பாசியை விழுங்கி, செரிக்காமல் வைத்துக்கொண்டது. பசுங்கணிகத்தைச் சுற்றி மூன்று சவ்வுகள் இருப்பது அதன் தடயம். ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்தால் யூக்ளினா கிராசிலிஸ் பசுங்கணிகத்தை அடியோடு இழந்து, கரைந்த உணவை உறிஞ்சி வாழ்வது 1948-இல் தெரியவந்தது. சந்ததியும் வெளுத்தே இருக்கும்.

தாவரத்திலும் விலங்கிலும் சேராத இப்படிப்பட்டவற்றுக்காக எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866-இல் ‘புரோடிஸ்டா’ என்று மூன்றாவது உலகம் வகுத்தார். விட்டேக்கரின் 1969-ஆம் ஆண்டு ஐந்துலகப் பகுப்பிலும் யூக்ளினா அங்கேதான். ஆனால் அது பலதரப்பட்டவற்றை ஒன்றாகப் போட்டு வைத்த இடம். எனக்கு அதில் நிறைவில்லை. இன்று மரபணுவைப் பார்த்து உறவு சொல்கிறார்கள். யூக்ளினாவின் உறவினர்களில் ஒன்று, ஆப்பிரிக்காவில் தூக்க நோயைத் தரும் டிரிப்பனோசோமா.

நிறமே இல்லாத அஸ்டேசியா லோங்கா என்ற உயிரியை முன்பு தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள். அதற்குள் பசுங்கணிகத்தின் மிச்சமும் மரபணுத் தொகுதியும் இருந்தன. இப்போது அதன் பெயர் யூக்ளினா லோங்கா.