தேய்மானக் கணக்கு

பி.காம். படித்ததில் எனக்கு இன்னும் மறக்காத பாடம் தேய்மானம். வாங்கிப் போட்ட மிஷின் வருஷா வருஷம் ஒரே அளவில் மதிப்பு குறையும். ரத்தத்தில் ஏறிய ஆல்கஹாலும் ஏறக்குறைய அந்த ரகம்தான். மணிக்கு 0.015 முதல் 0.02 சதவிகிதம் வரை இறங்கிக்கொண்டே வரும்.

இந்தக் கணக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010-ல், மிசௌரி மாநிலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரின் வண்டியை போலீஸ் மடக்கியது. ஊதச் சொன்னால் மாட்டேன் என்றார். நேரே ஆஸ்பத்திரி. அவர் சம்மதமும் இல்லை, நீதிபதியின் வாரன்ட்டும் இல்லை. கையில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்துவிட்டார்கள். ரிசல்ட் 0.154. அங்கே வரம்பு 0.08.

அப்புறம் என்ன கேஸ் என்கிறீர்களா?

'நிமிஷத்துக்கு நிமிஷம் சாட்சியம் கரைகிறது, வாரன்ட்டுக்குக் காத்திருக்க முடியாது' என்றது மாநில அரசு. 2013-ல் தீர்ப்பு வந்தது. கரைவது நிஜம், அதற்காக எல்லா கேஸும் அவசர கேஸ் ஆகிவிடாது. போனிலேயே வாரன்ட் வாங்க வழி இருக்கிறதே! 2016-ல் இன்னொரு தீர்ப்பு: கைது செய்தபின் மூச்சுப் பரிசோதனைக்கு வாரன்ட் தேவையில்லை, ரத்தத்துக்குத் தேவை. நினைவிழந்து கிடக்கும் டிரைவர் விஷயத்தில் மட்டும் 2019-ல் பெரும்பாலும் விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

குடித்துவிட்டு ஓட்டுகிறவன் மேல் எனக்கு இரக்கமே கிடையாது. ஆனால், ஊசி இறங்கும் நிமிஷத்தில் அவன் குடித்தவனா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. தூக்கக் கலக்கத்தில் வண்டியை வளைத்துவிட்ட அப்பாவிக்கும் அதே ஊசிதான்.

அரை மணி நேரம் தாமதமானால் நஷ்டம் சுமார் 0.01. நீதிபதிக்கு ஒரு போன் போட, இந்தத் தேய்மானத்தைத் தாராளமாகத் தாங்கலாம்.