பாண்டிக்குப் போற வழியில ஒரு பாலம்!

விக்கிரவாண்டின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டோல்கேட்! கொஞ்சம் அப்டேட்டான ஆளுன்னா, 2024 அக்டோபர் 27-ல வி.சாலையில நடந்த விஜய் கட்சி மாநாடு. ஓகே பாஸ், அதுக்கு அடுத்த மாசமே எங்க ஏரியாவுல நடந்த இன்னொரு மேட்டர் தெரியுமா?

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. வந்தோமா, போனோமான்னு இல்லாம அங்கேயே பல மணி நேரம் டேரா போட்டுடுச்சு! மறுநாள் காலையில கணக்குப் பார்த்தா, 24 மணி நேரத்துல மயிலத்துல மட்டும் 51 செ.மீ. மழை. எங்க மாவட்டத்துல வருஷம் முழுக்கப் பெய்யுறதுல கிட்டத்தட்ட பாதி! புதுச்சேரியில 48 செ.மீ-க்கு மேல.

டிசம்பர் 2. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயில் பாலத்துல தண்ணி அபாய அளவைத் தாண்ட, பல ரயில்கள் ரத்து. சிலது காட்பாடி வழியா சுத்திப் போச்சு. சாத்தனூர் அணையில விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, தென்பெண்ணை பொங்கி அரசூர்கிட்ட திருச்சி ரோடும் கட்!

தண்ணி வடிஞ்சதும் பாண்டியில இருக்குற ஃப்ரெண்டைப் பார்க்கக் கிளம்பினேன். விழுப்புரத்துல பஸ் மாறி, வளவனூர், கண்டமங்கலம் தாண்டினா வில்லியனூர். அங்கே ஆரியப்பாளையம் பாலத்துல இறங்கிக்கிட்டேன். நீங்களும் ஒருதடவை இறங்கிப் பாருங்க. கீழே ஓடுறது சங்கராபரணி. செஞ்சி மலைப் பக்கம் கிளம்பி, எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்குற வீடூர் அணையில சேர்ந்து, இப்படித்தான் கடலுக்குப் போகுது. அந்த மழையில வீடூர் நிரம்பித் திறந்துவிட்ட தண்ணியும் இந்த வழியாத்தான் பாய்ஞ்சது.

கரையோரத் தெருவுல காம்பவுண்டு சுவரெல்லாம் மெத்தை காயுது. ஒரு வீட்டுத் திண்ணையில பத்தாம் வகுப்பு புக்கை ஒவ்வொரு பக்கமாப் பிரிச்சு வச்சுக்கிட்டு இருந்தாங்க ஒரு அக்கா. "எல்லாம் வீடூர் தண்ணி தம்பி"ன்னாங்க. "நானும் அந்தப் பக்கம்தான்க்கா"ன்னேன். திட்டுவாங்களோன்னு பார்த்தா, "ஐயோ, உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னு கேட்டாங்க பாருங்க... எனக்குப் பேச்சே வரலை.

நிவாரணம் மட்டும் ஊருக்கு ஊர் வேற. புதுச்சேரியில எல்லா ரேஷன் கார்டுக்கும் 5,000 ரூபாய்னு அறிவிச்சாங்க. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2,000. மழை ஒண்ணு, ஆறு ஒண்ணு, நனைஞ்ச மெத்தையும் ஒண்ணுதான். நடுவுல ஒரு எல்லைக்கோடு!

ராணுவம் போட் விட்டு ஆளுங்களைத் தூக்கின கிருஷ்ணா நகரைப் பத்திதான் ஊரே பேசுச்சு. பேச வேண்டியதுதான். ஆனா, மயிலத்தையும் அரசூரையும் பத்தி அந்த அளவுக்கு யாரும் பேசலையேங்கிறதுதான் நம்ம வருத்தம்.

சரி, அடுத்த புயலுக்குப் பிறகு நீங்க ஒரு சிட்டிக்குப் போறீங்கன்னு வச்சுக்கோங்க. இடிஞ்ச வீட்டு முன்னாடி செல்ஃபி வேண்டாம். பையில நாலு பழைய நோட்ஸ், ஒரு போர்வை, குளோரின் மாத்திரை வச்சுக்கோங்க. முக்கியமா, அந்தத் தண்ணி எந்த ஊரைத் தாண்டி வந்துச்சுன்னு விசாரிச்சு, பையைப் பாதி காலி பண்ண அந்த ஊர்லயும் ஒரு ஸ்டாப் இறங்குங்க!